தாளின் பின்பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டிவலி குறைந்ததா, இல்லை இன்னும் தையல் மெஷினை மிதித்து மிதித்து அதை வளர்த்துக்கொண்டிருக்கிறாயா? போனில் கேட்டால் "ஆங், பரவால்ல" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்திலாவது உண்மையைச் சொல்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு சேதி. சிரிக்காதே. நான் பானை செய்யக் கற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமை மதியம் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போதும் என்று தோன்றியது. ஐம்பத்திரண்டு வயதில் இந்தச் சேட்டை எதற்கு என்று நீ கேட்பாய், கேட்டுக்கொள். ஒரு பழைய லாரி ஷெட்டில் வகுப்பு. பின்னால் சிமெண்ட் முற்றம், அதில் சூளை. என்னோடு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர். சொல்லித் தருகிறவளுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் எங்கள் எல்லாரையும் ஒரு பார்வையில் மேய்த்துவிடுவாள். நாங்கள் வைத்த பெயர் சூளைக்காரி.

இதற்கு ராக்கு என்று பெயர். சாதாரணமாகப் பானையைச் சுட்டால் சூளை ஆறும்வரை காத்திருந்து எடுப்பார்கள். இதில் அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பானை தகதகவென்று சிவந்திருக்கும்போதே நீள இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்து, மரத்தூள் போட்ட தகர டிரம்மில் இறக்கி மூடிவிட வேண்டும். குப்பென்று தீப்பிடிக்கும். மூடியதும் காற்றில்லாமல் எல்லாம் புகையாகிவிடும். பானையின் மேல்பூச்சில் விழுந்த விரிசல்களுக்குள் அந்தப் புகை போய் உட்கார்ந்து கறுப்புக் கோடாகிவிடுகிறது. வெளியே எடுத்து வைத்தால் ஆறும்வரை டிங், டிங் என்று சத்தம் போடும். என் முதல் கிண்ணம் டிங் என்றது, அப்புறம் டொக் என்றது, அப்புறம் இரண்டு துண்டாகக் கிடந்தது. "பிரேக்க ரொம்ப அழுத்திட்டீங்கம்மா" என்றார் பஸ் டிரைவர்.

வழக்கம்போல ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். மேஜையில் மேலே எது கிடக்கிறதோ அதை எடுத்து எழுதிவிடுவேன், திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீணாகப் போகிற தாள்தானே.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு அக்காவின் ஆசி.

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம். முட்டி என்னோடுதான் இருக்கிறது, வலியும் அதோடுதான் இருக்கிறது. அத்தானுக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தம். எனக்கு அதில் ஒரு சௌகரியம், திட்டினால் சிரிக்கிறார்.

பானை செய்வது இருக்கட்டும். உன் கடிதத்தின் பின்பக்கத்தில், நாலாம் மாடி பதினேழாம் எண் வீட்டில் குளியலறைக் கூரை மூன்று மாதமாக ஒழுகுகிறது, குடை பிடித்துக்கொண்டு குளிக்கிறேன் என்று ஒரு அம்மாள் எழுதியிருக்கிறாள். நாலாவது புகாராம். உங்கள் பராமரிப்பு ஆபீஸில் அதைச் சரி செய்தீர்களா, இல்லை என் நலத்தை விசாரிக்கத்தான் அந்தத் தாள் பயன்பட்டதா? பின்பக்கத்தை நான் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியாதா? பல சமயம் முன்பக்கத்தைவிட அதுதான் சுவாரசியம்.

எனக்குப் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. புதிதாகப் பெரிய கத்தரி ஒன்று வாங்கிவிட்டேன். பழையதை நாலு வருஷமாகச் சாணை பிடித்துப் பிடித்துப் பார்த்தேன், துணியை வெட்டாமல் மென்று துப்புகிறது. தூக்கியெறியவும் மனசு வரவில்லை, டிராயரில் கிடக்கிறது.

உன் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் நிற்குமா? நிற்காது என்றால் எதற்குடி அது? நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். கூரை ஒழுகுகிற அம்மாளை விசாரித்தேன். ஆள் அனுப்பியாகிவிட்டதாம். ஆள்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: தண்ணீர் நிற்காது, கசிந்துவிடும். ராக்குப் பானை பார்க்க மட்டும்தான் லட்சணம்.

போன வாரம் புதிதாக ஒன்று காட்டினாள். இதற்கு மேல்பூச்சே கிடையாது. மண் காய்வதற்கு முன்னால் கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கி, ஒரு தடவை சுட்டு வைத்த வெள்ளைப் பானை. அதை மறுபடியும் சூடாக்கி வெளியே எடுத்து, ஆறுவதற்குள் அதன் மேல் குதிரைவால் முடியை ஒவ்வொன்றாக விட வேண்டும். முடி பட்டதும் துள்ளும், சுருளும், கருகும். தான் போன வழியைக் கறுப்புக் கோடாகப் பானையில் விட்டுவிட்டுப் போய்விடும். எத்தனை கழுவினாலும் போகாது. ஒன்றிரண்டு நிமிஷம்தான் அவகாசம். சூடு அதிகமென்றால் கோடும் எரிந்துவிடும், குறைந்தால் முடி சும்மா கிடக்கும்.

"மனுஷ முடி போட்டா?" என்று பல் டாக்டர் கேட்டார். அவர் தலையில் ஒன்றும் இல்லை.

"யாரோடதா இருந்தாலும் எழுதும் சார். முடியா இருந்தா போதும்" என்றாள் சூளைக்காரி.

அக்கா, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மாவின் சவுரி உன்னிடம் இருக்கிறதே. படுக்கையில் இருந்தபோது வெட்டின முடியைச் சவுரியாகக் கட்டித் தகரப்பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அது. எனக்கு முழுவதும் வேண்டாம். ஒரு பிடி அனுப்பு. ஒரு பானை, ஒரே ஒரு பானை செய்து வைத்துக்கொள்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். சீக்கிரம் எழுது.

உன் தங்கை


மார்ச் 30

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அத்தானுக்குக் காய்ச்சல் வந்து தெளிந்தது. அப்புறம் மெஷினின் பெல்ட் அறுந்தது. அதற்கு ஆள் வர ஒரு வாரம். இருநூறு சட்டைக்குப் பித்தான் தைக்க வேண்டியிருந்தது. ஒரு சட்டைக்குப் பித்தானை முதுகில் தைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். அந்தப் பையனுடைய அம்மா நல்ல வாய் பேசுகிறவள், "எம்புள்ளைக்கு ரெண்டு நெஞ்சா இருக்கு?" என்று கடை வாசலில் நின்று கேட்டாள்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. உனக்கு எப்படி? தண்ணீர் நிறையக் குடி.

பின்பக்கத்தில் இந்தத் தடவை லிஃப்ட் பழுது. சின்ன விஷயம்தான்.

நீ கேட்டதை மறக்கவில்லை. எந்தப் பெட்டியில் வைத்தேன் என்று தேட வேண்டும்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்குக் காய்ச்சல் என்று ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? இப்போது நன்றாக இருக்கிறாரா?

எந்தப் பெட்டி என்று தேட வேண்டுமா? உன் வீட்டில் இருப்பதே ஒரு தகரப்பெட்டிதான். உனக்குக் கொடுக்க மனசில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. மனசில்லாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. பதினோரு மாதம் அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, தலைவாரிவிட்டவள் நீ. நான் அவளைத் தொடவே இல்லை. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தது. நீ எழுதிய அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. "படுக்கையில் சிக்கு விழுகிறது, வெட்டிவிடு என்று அம்மாவே கேட்டாள், வெட்டிவிட்டேன், சவுரியாகக் கட்டி வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அந்தச் சவுரி இருக்கிறது என்பதுதான் எனக்கு ஒரு ஆறுதல்.

லீவு மட்டும் கிடைத்திருந்தால் நான் வந்திருப்பேன். அது உனக்கே தெரியும்.

பானையைத் தேய்த்துச் சுட்டு வைத்துவிட்டேன். கழுத்து கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, நீ சொல்கிற பேச்சைக் கேட்கிற மாதிரி. முடிக்காகத்தான் காத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தங்கை


மே 6

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். கேட்டது இதோடு பார்சலில் வருகிறது. பிடி என்ன பிடி, முழுவதையும் அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் போட்டுவிடு. மிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

நெருப்பு ஜாக்கிரதை.

உன் அக்கா


மே 24
(இந்தக் கடிதத்தை அவள் அனுப்பவில்லை.)

அக்கா,

உன் நலத்தை நான் கேட்கப்போவதில்லை.

நேற்று மதியம் போட்டேன். பஸ் டிரைவர் இடுக்கியைப் பிடித்தார், பல் டாக்டர்கூடக் கைகட்டி நின்றார். எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன், எங்கம்மா முடி என்று. நான் கையைத் துடைத்துக்கொண்டு முதல் இழையை விட்டேன். அது துள்ளவில்லை, சுருளவில்லை. சுருங்கி, உருண்டு, சளி மாதிரி வழிந்தது. முடி பொசுங்கின வாசனையே இல்லை, பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம். நான் பைத்தியக்காரி, சூடு போதவில்லை போல என்று நினைத்து ஒரு கொத்தை அள்ளிப் போட்டேன். பானையின் கழுத்தில் கறுப்புத் தாராக ஒட்டிக்கொண்டது.

சூளைக்காரிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, விடுங்க. இது முடியில்ல. நைலான்" என்றாள். எத்தனை மெதுவாகச் சொன்னாள் தெரியுமா? அந்த மெதுவான குரலில்தான் எனக்கு மானம் போனது.

கடையில் வாங்கி அனுப்பியிருக்கிறாய். என் அம்மாவின் முடியை ஒரு பிடி கொடுக்க உனக்கு மனசில்லை. சரி, சொல்லித் தொலைத்திருக்கலாமே. "முழுவதையும் அனுப்பிவிட்டேன், எல்லாவற்றையும் போட்டுவிடு" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? பார்த்துக்கொண்டவளுக்கு எல்லாமே சொந்தம், வராதவளுக்கு நைலான், அப்படித்தானே? இத்தனை வருஷம் இதை மனசில் வைத்துக்கொண்டுதான் "ஆங், பரவால்ல" என்று போனை வைத்தாயா?

இனிமேல் எனக்கு எழுதாதே.


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பார்சல் வந்தது. போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை போட்டேன். கோடுகள் நன்றாக விழுந்திருக்கின்றன, மெலிசாக, நீளமாக. எல்லாரும் பாராட்டினார்கள். பானையின் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம்.

உன் தங்கை


ஆகஸ்ட் 19

என் சின்னவளுக்கு,

நலமாக இருக்கிறாயா? நீ அனுப்பின பானை போட்டோவை மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்தேன். பத்து நாளில் எடுத்துவிட்டேன். அப்புறம் டிராயரில் வைத்தேன். டிராயரைத் திறக்கிறபோதெல்லாம் அந்தக் கோடுகள் என்னைப் பார்க்கின்றன. கடைக்கு வருகிறவர்கள், "என்னக்கா, தையல் கோணலாப் போகுது" என்கிறார்கள். இனிமேல் என்னால் முடியாது. சொல்லிவிடுகிறேன்.

நான் அனுப்பியது அம்மாவின் முடி இல்லை. கடையில் வாங்கினேன். அசல் முடிதானா என்று மூன்று தடவை கேட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரர் சத்தியம் செய்தார். யாரோ பெற்ற மகளின் முடி உன் பானையில் இருக்கிறது. நீ அதை அம்மா என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாய். உன்னை இப்படி ஏமாற்றினதற்கு என் கையை உடைக்க வேண்டும்.

அம்மாவின் சவுரி என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. அம்மா வெட்டச் சொல்லவும் இல்லை. அவள் போவதற்குப் பதினோரு நாள் முன்னால், காலையில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி, உனக்குத் தெரியுமே, அரைமணி நேரம் ஆகும். எனக்கு முந்தின நாளிலிருந்து தூக்கம் இல்லை. வெளியே சீருடை தைக்கக் கொடுத்தவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். "நீ இழுக்கிற. வலிக்குது. நீ விடு, சின்னவ வரட்டும், அவ கை பூ மாதிரி, அவ பின்னிவிடுவா" என்றாள் அம்மா. எனக்கு என்ன வந்ததோ. மெஷின் மேல் கிடந்த துணிக் கத்தரியை எடுத்தேன். பின்னலோடு சேர்த்து, காதுக்குக் கீழே, நாலு வெட்டு. அந்தக் கத்தரி அன்றைக்கு மழுங்கினதுதான்.

அம்மா கத்தவில்லை. கையைக் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "லேசா இருக்குடி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பின்னலைக் குப்பைக் கூடையில் போட்டேன். மதியம் புத்தி வந்து ஓடினேன். குப்பை வண்டி தெருமுனை தாண்டிவிட்டது. வண்டிக்காரரிடம் என்னவென்று கேட்பது? நின்று பார்த்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். சவுரி என்று ஒரு வார்த்தை எழுதினேன், அது என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடு. தூங்கு.

உன் அக்கா


செப்டம்பர் 7

என் அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத வரவில்லை.

நீ என்னை ஏமாற்றவில்லை, அக்கா. எனக்கு மே மாதமே தெரியும். அது நைலான். போட்டதும் உருகி வழிந்துவிட்டது. உன் கடைக்காரர் செய்த சத்தியத்தின் லட்சணம் அது. உனக்கு அனுப்பின போட்டோவில் இருப்பது குதிரைமுடி போட்ட வேறு பானை. கோபத்தில் அன்றைக்கு உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். கிழித்துப் போடத்தான் நினைத்தேன். நாம் இரண்டு பேரும் மறைத்தது போதும். அதில் நான் எழுதியிருக்கிற ஒவ்வொரு வரிக்கும் உன் காலில் விழுகிறேன்.

ஏன் அனுப்பவில்லை என்று சொல்கிறேன். உறையில் போட்டு ஒட்டும்போது மிச்சமிருந்த சவுரி கண்ணில் பட்டது. முழுக் கறுப்பு. அம்மாவுக்கு நரைத்திருக்காதா? எவ்வளவு நரைத்திருந்தது? முன்னால் மட்டுமா, நுனிவரைக்குமா? எனக்குத் தெரியவில்லை, அக்கா. பெற்றவளின் முடிக்கும் கடைச் சரக்குக்கும் வித்தியாசம் தெரியாதவள் நான். என்ன முகத்தை வைத்துக்கொண்டு உன்னைத் திட்டுவது?

நீ பதினோரு நாள் முன்னால் என்று எழுதியிருக்கிறாய். விரல்விட்டு எண்ணினேன். அம்மா போனது இருபத்தொன்று. அப்படியென்றால் பத்தாம் தேதி. லீவு தரவில்லை, வர முடியாது என்று நான் எழுதிய கடிதம் உனக்கு அந்த வாரத்தில்தான் வந்திருக்கும். அம்மாவிடம் அதை நீதான் படித்துச் சொல்லியிருப்பாய்.

அக்கா, லீவு கிடைத்தது.

பதினாலிலிருந்து முப்பது வரை. கேட்ட அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பயம். படுக்கையில் அம்மா எலும்பும் தோலுமாக இருப்பதைப் பார்க்கப் பயம். அவள் என்னைப் பார்த்து அழுவாள், எனக்கு என்ன செய்வது என்று தெரியாது, நீ எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்வாய், நான் சுவரோரம் நிற்பேன் என்று பயம். அந்த லீவை வீட்டிலேயே இருந்து கழித்தேன். அலமாரியை ஒழித்தேன், ஜன்னல் கண்ணாடி எல்லாம் துடைத்தேன். இருபத்தொன்றாம் தேதி உன் போன் வந்தபோது என் கையில் ஈரத்துணி இருந்தது. பதினாலாம் தேதியே கிளம்பியிருந்தால் என்று எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் ஏழு நாள் வருகிறது. ஏழு நாள் நான் அவளுக்குப் பின்னிவிட்டிருக்கலாம்.

வராதவளுக்காக நீ கத்தரி எடுத்தாய். அந்தப் பாவம் என்னுடையது. உருகின நைலானோடு அந்தப் பானையைத்தான் ஜன்னலில் வைத்திருக்கிறேன். தூக்கிப்போடச் சொன்னார்கள், நான் போடவில்லை.

அத்தானிடம் எதுவும் சொல்லாதே. நீ சொன்னாலும் சரிதான்.

தங்கை


அக்டோபர் 20

சின்னவளே,

நலமாக இரு. அத்தான் சுகம். முட்டியும் கொஞ்சம் பரவாயில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நைலானா! கடைக்காரரிடம் நேரே போய் ஒரு பிடி பிடித்தேன். "நீங்க கொளுத்திப் பாப்பீங்கன்னு நான் கண்டேனாம்மா?" என்றார். நடுக்கடையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். பாவம், அந்த மனுஷர் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்தேன். நல்லவேளை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நானும் எழுதாமல் இருந்திருப்பேன்.

லீவு கிடைத்தது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெரியும். "எவ்வளவோ கெஞ்சியும் தரவில்லை அக்கா" என்று நீ எழுதிய கடிதத்தின் பின்பக்கம்தான் உன் லீவு உத்தரவு. பதினான்காம் தேதி முதல் முப்பதாம் தேதி வரை அனுமதிக்கப்படுகிறது என்று, கீழே கையெழுத்து, முத்திரை. மேஜையில் மேலே கிடந்த தாளை எடுத்து எழுதியிருக்கிறாய், வழக்கம்போல. அக்காக்காரி பின்பக்கத்தைப் படிப்பாள் என்று உனக்கு நினைப்பு வரவில்லை.

அம்மாவுக்கு முன்பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். "பாவம் என் கொழந்த, எத்தன கெஞ்சியிருப்பா" என்று உனக்காக அழுதாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சீப்பை எடுத்தேன். அதற்கு அப்புறம்தான் "நீ இழுக்கிற, சின்னவ வரட்டும்" என்றாள். அது உன்மேல் வந்த கோபம்டி. நீ எட்டவில்லை, அம்மாவின் பின்னல் எட்டியது. இதைப் போன கடிதத்தில் எழுத எனக்கு மனசு வரவில்லை. நீயாகச் சொல்கிறாயா என்று நாலு வருஷம் பார்த்தேன். ஏப்ரலில்கூட "லீவு மட்டும் கிடைத்திருந்தால்" என்று எழுதினாய். அன்றைக்குத்தான் கடைக்குப் போய்ச் சவுரி வாங்கினேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். அம்மா இருந்தால் கேட்கலாம். அவள் இல்லையே.

அம்மாவுக்கு நரை எப்படி என்று கேட்டிருந்தாய். முன்னால் வெள்ளை, நடுவில் கலப்பு, நுனியில் பழைய கறுப்பு. கையில் எடுத்தால் கனக்கும். என்னுடையதும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. இருந்தது. இதோடு வைத்திருப்பது என் பின்னல். நேற்று காலை டிராயரிலிருந்து அந்தப் பழைய கத்தரியை எடுத்து, அதே இடத்தில் வெட்டினேன். மென்று மென்றுதான் வெட்டியது. அத்தான் பார்த்துவிட்டு, "யாரும்மா நீங்க? எம்பொண்டாட்டி எங்க?" என்றார். பிடரியைத் தடவிப் பார்த்தேன். எனக்காகத்தான் அம்மா அன்றைக்குப் பொய் சொன்னாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நிஜமாகவே லேசாகத்தான் இருக்கிறது.

இதைப் போட்டுப் பார். இது முடிதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் எனக்குப் புதுத் தாளில் எழுது. பின்பக்கத்தில் ஒன்றும் இருக்க வேண்டாம்.

உன் அக்கா